‘மார்ச் வந்தால் எட்டு வருடம் ஆகும்’: இதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

கேள்வி: கம்பத்திலிருந்து தினமும் மலையேறிக் குமுளிக்குப் போய் ஒரு மருத்துவமனையில் செவிலியராக வேலை செய்கிறேன். வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் கடிதத்தில் ‘பை நெக்ஸ்ட் மார்ச், ஐ வில் பீ ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் எயிட் இயர்ஸ்’ என்று எழுதினேன். உடன் வேலை பார்க்கும் மலையாளச் சேச்சி அதைப் படித்துவிட்டு, ‘வில் ஹாவ் பீன்’ வர வேண்டும் என்றார். மகளின் இலக்கணக் கையேட்டைப் புரட்டினால், அதற்கு ‘வேலை செய்துகொண்டிருந்திருப்பேன்’ என்று தமிழ் போட்டிருக்கிறது. குழப்பம் கூடிவிட்டது. எது சரி? இந்த டென்ஸை எங்கே எழுத வேண்டும்?

பதில்: சேச்சி சொன்னதே சரி. நீங்கள் எழுத வேண்டிய வாக்கியம்: ‘பை மார்ச், ஐ வில் ஹாவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் எயிட் இயர்ஸ்.’ பள்ளிக்கூடத்தில் இதற்கு ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் கன்டின்யுவஸ் என்று பெயர். பெயரைக் கேட்டே பாதிப் பேர் பயந்துவிடுகிறார்கள். நானும் பல வருடம் பன்னிரண்டு டென்ஸையும் கட்டம் போட்டுக் கரும்பலகையில் எழுதி ஒப்பிக்க வைத்தவன்தான். கட்டம் மனப்பாடமானது, யாருக்கும் வாக்கியம் வரவில்லை.

சிக்கல் அந்தக் கையேட்டின் தமிழில் இருக்கிறது. ‘மார்ச் மாதம் நான் எட்டு வருடமாக வேலை செய்துகொண்டிருந்திருப்பேன்’ என்று கம்பத்தில் யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? வீட்டில் நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்? ‘மார்ச் வந்தால் இங்கே வேலைக்குச் சேர்ந்து எட்டு வருடம் ஆகும்.’ அவ்வளவுதான். சேச்சியிடம் கேட்டுப் பாருங்கள், அவரும் ‘மார்ச் ஆகும்போள் எட்டு கொல்லம் ஆகும்’ என்றுதான் சொல்வார். நாம் காலம் நிறைவதைச் சொல்கிறோம். மரக்காலில் நெல் நிறைவதுபோல, வருடங்கள் சேர்ந்துகொண்டே வந்து ஒரு நாளில் எட்டு என்று ஆகின்றன. ஆங்கிலம் அந்த ‘ஆகும்’ என்பதை வினைச்சொல்லுக்குள்ளேயே திணித்து ‘வில் ஹாவ் பீன் ஒர்க்கிங்’ என்கிறது. எனவே ‘கொண்டிருந்திருப்பேன்’ என்பதை மறந்துவிடுங்கள். முன்னால் ஒரு நாளைக் குறித்து, அதுவரை ஒரு வேலை ஓடிக்கொண்டே வந்து ‘இத்தனை வருடம் ஆகும்’, ‘இத்தனை மணி நேரம் ஆகும்’ என்று தமிழில் சொல்ல முடிந்தால் இந்த டென்ஸ் பொருந்தும்.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று. பெரியாறு அணையை 1895 அக்டோபரில் திறந்தார்கள். மேற்கே போக வேண்டிய தண்ணீர் அன்றிலிருந்து மலையைக் குடைந்து கிழக்கே வந்துகொண்டிருக்கிறது. 2095 அக்டோபர் வந்தால் இருநூறு வருடம் ஆகும். ‘பை அக்டோபர் 2095, பெரியாறு வாட்டர் வில் ஹாவ் பீன் ஃப்ளோயிங் ஈஸ்ட் ஃபார் டூ ஹண்ட்ரட் இயர்ஸ்.’ எல்லை நாள் ‘பை’ என்பதோடு வந்திருக்கிறது, நிறைந்த காலம் ‘ஃபார்’ என்பதோடு வந்திருக்கிறது. 2095-க்குப் பிறகு தண்ணீர் நிற்குமா, ஓடுமா என்பது பற்றி இந்த வாக்கியத்துக்குக் கவலை இல்லை. அதுபோலத்தான் நீங்கள் மார்ச்சுக்குப் பிறகு அங்கே இருப்பீர்களா என்பதையும் உங்கள் வாக்கியம் சொல்லாது.

இனி உங்கள் வாக்கியத்தின் இரண்டு பிழைகள். ‘வில் பீ ஒர்க்கிங்’ என்றால் அந்த மார்ச்சில் வேலை செய்துகொண்டிருப்பேன் என்று மட்டுமே பொருள். எட்டு வருட அனுபவம் அதில் காணாமல் போய்விடுகிறது. விண்ணப்பத்தில் உங்கள் சொத்தே அந்த எட்டு வருடம்தான். ‘சின்ஸ் எயிட் இயர்ஸ்’ என்பது தமிழர்கள் மட்டுமல்ல, மலையாளிகளும் சேர்ந்து செய்யும் பிழை. ஆனால் நம் மொழியே இதில் நல்ல வழிகாட்டி. ‘எட்டு வருடமாக’ என்றால் ‘ஃபார்’. ‘2018-லிருந்து’ என்றால் ‘சின்ஸ்’. ‘ஆக’ வேறு, ‘இருந்து’ வேறு என்பதில் தமிழில் நாம் ஒருநாளும் தடுமாறுவதில்லை. ஆங்கிலத்துக்குப் போனவுடன்தான் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறோம்.

எண்ணிக்கை வந்தால் கதை மாறும். ‘ஷிஃப்ட் முடிவதற்குள் நாற்பது ஊசி போட்டிருப்பேன்’ என்பதற்கு ‘ஐ வில் ஹாவ் கிவன் ஃபார்ட்டி இன்ஜெக்‌ஷன்ஸ்’ போதும். இங்கே ‘பீன்’ கிடையாது, ‘இங்’ கிடையாது. எத்தனை முடிந்தது என்பதுதான் பேச்சு. ‘ஷிஃப்ட் முடியும்போது ஆறு மணி நேரம் விடாமல் ஊசி போட்டதாக ஆகும்’ என்று நேரத்தை அளந்தால் ‘ஐ வில் ஹாவ் பீன் கிவிங் இன்ஜெக்‌ஷன்ஸ் ஃபார் சிக்ஸ் அவர்ஸ்’.

காலத்தை அளக்காமல், களைப்புக்குக் காரணம் சொல்லவும் இது உதவும். மாலையில் ஏலத்தோட்ட ஜீப்புகள் மலையிறங்கி லோயர் கேம்ப்புக்கு வருவதை நீங்கள் தினமும் பார்ப்பவர். இறங்கும் பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார்கள், அதற்குப் பிறகுதான் நடை வரும். ‘ஜீப் வரும்போது அவர்கள் களைத்திருப்பார்கள், நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்திருப்பார்களே’ என்று காலையிலேயே சொல்லிவிடலாம்: ‘வென் த ஜீப் அரைவ்ஸ், தே வில் பீ டயர்ட், பிகாஸ் தே வில் ஹாவ் பீன் பிக்கிங் கார்டமம் ஆல் டே.’ ‘வென்’ என்பதற்குப் பிறகு ‘வில் அரைவ்’ என்று எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘வென்’, ‘பிஃபோர்’, ‘பை த டைம்’ ஆகியவற்றுக்குப் பின்னால் வரும் பகுதியில் வருங்காலத்துக்கும் நிகழ்காலமே எழுதுவது ஆங்கில வழக்கம்.

‘ஆகும்’ சோதனை ஏமாற்றும் இடங்களும் உண்டு. ‘மார்ச் வந்தால் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகும்.’ இதில் ‘இங்’ வராது. ‘வீ வில் ஹாவ் பீன் மேரீட் ஃபார் ட்வெல்வ் இயர்ஸ்’ என்றுதான் வரும். கல்யாணமானவராக இருப்பது ஒரு நிலை, செயல் அல்ல. ஒருவரைத் தெரிந்திருப்பதும், வீடு சொந்தமாக இருப்பதும் அப்படியே. ‘ஐ வில் ஹாவ் நோன் ஹர் ஃபார் டென் இயர்ஸ்’ சரி. ‘வில் ஹாவ் பீன் நோயிங்’ தவறு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கேரளம் உருவானபோது, குமுளியை அடுத்த பீர்மேடு அந்த மாநிலத்தின் பகுதியானது. 2056-இல் நூறு வருடம் ஆகும். அதையும் ‘பீர்மேடு வில் ஹாவ் பீன் இன் கேரளா ஃபார் எ ஹண்ட்ரட் இயர்ஸ்’ என்று எழுதினால் போதும். ‘அப்பா இறந்து பத்து வருடம் ஆகும்’ என்பது இன்னொரு வகை. இறப்பு ஒரே நொடியில் முடிந்தது, அது ஓடிக்கொண்டிருக்கவில்லை. எனவே ‘இட் வில் பீ டென் இயர்ஸ் சின்ஸ் மை ஃபாதர் டைட்’ என்று வேறு பாதையில் போக வேண்டும்.

அப்படியானால் ‘கொண்டிருந்திருப்பேன்’ என்று எழுதிய கையேட்டுக்காரர் முழு முட்டாளா என்றால், இல்லை. அவர் வேறொரு வீட்டின் சாவியை இந்தப் பூட்டில் போட்டிருக்கிறார். நைட் டியூட்டி முடித்து வந்த தோழிக்கு நேற்றுப் பகலில் போன் செய்தீர்கள், எடுக்கவில்லை. ‘தூங்கிக்கொண்டிருந்திருப்பாள்’ என்று நினைத்துக்கொள்கிறீர்கள். இது தமிழில் சர்வ சாதாரணம், ஆனால் இது வருங்காலமே அல்ல. நடந்து முடிந்ததைப் பற்றிய ஊகம். வேடிக்கை என்னவென்றால் ஆங்கிலத்திலும் இதற்கு அதே உருவம்தான்: ‘ஷீ வில் ஹாவ் பீன் ஸ்லீப்பிங்.’ பெயரில் ஃபியூச்சர் இருந்தாலும் பேசுவது நேற்றைய பகலை. பள்ளிப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்தப் பயன்பாட்டைத் தொடுவதே இல்லை. தொட்டிருந்தால் அந்தத் தமிழை எங்கே வைப்பது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

கடைசியாக உங்கள் கடிதம். என்னிடம் கேட்டால், இந்த டென்ஸை அதில் ஒரே ஒரு முறை எழுதுங்கள், அதுவும் அந்த வேலைக்கு எட்டு வருட அனுபவம் கட்டாயம் என்று இருந்தால் மட்டும். இல்லையென்றால் சேர்ந்த மாதத்தையும் வருடத்தையும் போட்டு ‘ஐ ஹாவ் பீன் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ்’ என்று எழுதுவதே தெளிவு. இன்றைய நிலையைச் சொன்னால் படிப்பவர் கணக்குப் போட்டுக்கொள்வார். எழுதத்தான் வேண்டும் என்றால் ‘நெக்ஸ்ட் மார்ச்’ என்பதை எடுத்துவிடுங்கள். கடிதம் அங்கே போய் யாரோ பிரிக்கும் நாளில் எந்த மார்ச் என்று அவருக்கு விளங்காது. மாதத்தோடு வருடத்தையும் சேர்த்து எழுதுங்கள்.