கடன் ஆலோசகர் வேலைக்கு வரலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

வணிகவியல் படித்துவிட்டு, ஒரு வங்கியின் கடன் வசூல் பிரிவில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கடனில் சிக்கியவர்களை நெருக்குவதைவிட அவர்களுக்கு வழிகாட்டும் வேலையே எனக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது. கடன் ஆலோசகர் பணிக்கு எதிர்காலம் உண்டா? கணக்கையெல்லாம் செயலிகளே போட்டுவிடும் என்கிறார்களே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கணக்குப் போடுவது மட்டுமே இந்த வேலை என்றால் உங்கள் அச்சம் நியாயமானதுதான். நான் ஆலோசகராக இருந்தபோது ஒருவர், பல மாதங்களாகப் பிரிக்கத் துணியாத கடன் அட்டைக் கடிதங்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். குறைந்தபட்சத் தொகை மாதந்தோறும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போய்க்கொண்டிருந்தும் கடன் ஏன் குறையவில்லை என்பது அவருக்குப் புரியவில்லை. நிலுவை 100 என்றால் மாத வட்டி 3, கட்டுவது 5, ஆகவே அசலில் கழிவது 2 மட்டுமே என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அதை வெகுநேரம் பார்த்தபின், இந்தக் கடன் மனைவிக்குத் தெரியாது என்றார். அந்த 2 என்ற விடையைச் செயலியும் சொல்லிவிடும். வீட்டில் உண்மையைச் சொல்ல அவரைத் தயார்ப்படுத்த எனக்கு மேலும் இரண்டு சந்திப்புகள் தேவைப்பட்டன.

வேலைவாய்ப்பு நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, திவால் மனு கொடுக்கும் தனிநபர் பொதுவாக அதற்கு முந்தைய 180 நாட்களுக்குள் அங்கீகாரம் பெற்ற அமைப்பிடம் ஆலோசனை பெற்றிருக்க வேண்டும் என்பதால், அங்கே இப்பணிக்குச் சட்டமே ஒரு தேவையை உண்டாக்கியிருக்கிறது.

எனினும், எத்தனை இடங்கள் காலியாக இருக்கின்றன என்பதைவிட, சம்பளப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையே நீங்கள் முதலில் விசாரிக்க வேண்டும் என்பேன். கடன் கொடுத்தவர்களிடம் பேசி வட்டியைக் குறைத்து, எல்லாக் கடனையும் ஒரே மாதத் தவணையாக்கி, பெரும்பாலும் 3 முதல் 5 ஆண்டுகளில் அடைக்க வைக்கும் திட்டங்களை நடத்தும் இலாப நோக்கற்ற அமைப்புகள் பலவும், கடன் கொடுத்த நிறுவனங்களிடமிருந்தே நிதியில் ஒரு பகுதியைப் பெறுகின்றன. அதை மறைக்காமல் வாடிக்கையாளரிடம் சொல்லும் அமைப்பில் நிம்மதியாக வேலை பார்க்கலாம். தவணையை நிறுத்துங்கள், பாதிக்குப் பேசி முடித்துத் தருகிறோம் என்று கட்டணம் வாங்கும் நிறுவனங்களும் ஆலோசகர் என்ற பெயரிலேயே ஆள் எடுக்கின்றன. அது விற்பனை வேலை, அதற்குப் போகாதீர்கள்.

வசூல் பிரிவின் பேச்சை உள்ளிருந்து அறிந்த உங்கள் அனுபவம் இங்கே பெரிதும் உதவும். நேர்காணலில் நீங்களும் ஒன்று கேளுங்கள்: திட்டம் தேவையில்லை என்று சொல்லி, செலவுக் கணக்கை மட்டும் சீர்செய்து, சென்ற மாதம் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீர்கள்?