காலை 11 மணிக்குக் குட்டையில் என்ன தெரியும்?

கேள்வி: வெளிநாட்டு நன்கொடையில் மீன் குட்டை வெட்டிக்கொடுக்கப்பட்ட குடும்பங்களைப் பார்க்க, எங்கள் நண்பர் குழு குடியாத்தம் பக்கம் போகிறது. காலை 11 மணிக்கு வரவேற்பு. அங்கே என்னென்ன கேட்கலாம்?
- வாசகர், காட்பாடி

பதில்: முதலில் அந்த 11 மணியை மாற்றுங்கள். வெயில் ஏறிவிட்டால் எந்தக் குட்டையும் நன்றாகத்தான் தெரியும். தண்ணீரிலுள்ள பச்சைப்பாசி பகலில் ஆக்சிஜன் விடும். இரவில் மீனோடு போட்டி போட்டு அதையே இழுத்துக்கொள்ளும். விடிகிற நேரத்தில்தான் ஆக்சிஜன் மிகக் குறைவு. ஐந்தரைக்கே கரையில் நில்லுங்கள். மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றால், பாசி வளரப் போடும் சாணமோ தீவனமோ அளவு மீறியிருக்கிறது, அல்லது குஞ்சை நெருக்கி விட்டிருக்கிறார்கள். அன்றைக்குத் தீவனத்தை நிறுத்தி, பம்ப் தண்ணீரை உயரத்திலிருந்து தெறித்து விழும்படி விட வேண்டும். மேகமூட்டம் இரண்டு மூன்று நாள் நீடித்தால் இந்த ஆபத்து இன்னும் கூடும். இதை அந்த வீட்டுப் பெண்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று கேளுங்கள். தீவனம் போடுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

பாசியின் அளவைப் பார்க்கக் கருவி வேண்டாம். கையை முழங்கை வரை தண்ணீரில் விடுங்கள். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் சரி. மணிக்கட்டு நனையும்போதே மறைந்தால் சாணத்தை நிறுத்த வேண்டும். தரை வரை பளிச்சென்று தெரிந்தால் மீனுக்கு இரை இல்லை.

10 சென்ட் குட்டை என்றால் சுமார் 400 சதுர மீட்டர். அதற்கு 400 குஞ்சு போதும்: கட்லா 160, ரோகு 120, மிர்கால் 120. மேல், நடு, அடி என்று மூன்றும் தனித்தனி மட்டத்தில் மேயும். ஆயிரம் குஞ்சு விட்டோம் என்று அறிக்கையில் எழுதினால் நன்கொடையாளருக்கு மகிழ்ச்சி. மீன் மட்டும் வளராது. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பும் குட்டை சித்திரை, வைகாசிக்குள் வற்றிவிடும். கையில் இருப்பது ஆறே மாதம். அதனால் விரல் நீளக் குஞ்சுதான் விட வேண்டும். மலிவு என்று பொடிக்குஞ்சு வாங்கினால் விரால், தண்ணீர்ப்பாம்பு, கொக்குக்குத்தான் தீனி. குஞ்சு வந்த பையைப் பிரிப்பதற்கு முன் கால் மணி நேரம் தண்ணீரில் மிதக்க விட்டார்களா என்றும் கேளுங்கள். சூடு சமப்படாமல் கொட்டினால் குஞ்சு அதிர்ச்சியிலேயே சாகும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி: இரண்டாம் வருடக் குஞ்சை யார் காசில் வாங்கினார்கள்? குடும்பமே வாங்கியிருந்தால் திட்டம் பிழைத்தது. நன்கொடையாளர் பலகையில் இருக்கும் பெயர்களை அப்புறம் படிக்கலாம்.

பாலாற்று மாசு பற்றி இந்தக் கேள்வி-பதில் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதியாயிற்று. இன்னொரு முறையும் எழுதுகிறேன். தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996-ல். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தத்தை அடுத்திருக்கும் பேரணாம்பட்டு - இங்கெல்லாம் போர்த் தண்ணீரை நம்பி மீன் குட்டை வெட்டுகிறவர் முதலில் அந்தத் தண்ணீரைச் சோதித்திருக்க வேண்டும். உப்பு எவ்வளவு, தோல் பதனிடுவதில் சேரும் குரோமியம் உண்டா என்ற சோதனைத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். வளரும் மீனை அந்த வீட்டுக் குழந்தைகள்தான் சாப்பிடப் போகிறார்கள். தாள் இல்லையென்றால், அடுத்த குட்டைக்கு வைத்திருக்கும் பணத்தில் அதை முதலில் எடுக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.