பென்சிலோடு வாசியுங்கள்

கேள்வி: ஒரு நாவலில் பழங்குடி மக்கள் வந்தாலே அதைப் பிரிமிட்டிவிசம் என்று சொல்லிவிடலாமா? வாசிக்கும்போது எதை வைத்துக் கண்டுகொள்வது?
– முதுகலை மாணவி, திருநெல்வேலி

பதில்: சொல்லிவிட முடியாது. நகர நாகரிகத்தில் அலுத்த மனம், தான் இழந்ததாக நினைக்கும் உயிர்ப்பையோ தனக்குள் அஞ்சும் வெறியையோ வேறொரு மக்கள்மேல் ஏற்றி, அவர்களை ‘ஆதிமனிதர்’ ஆக்குவதே பிரிமிட்டிவிசம். பாராட்டிலும் அது ஒளிந்திருக்கும். டி.எச். லாரன்ஸின் ‘விமன் இன் லவ்’ (1920) நாவலில் பர்கின் ஒரு மேற்கு ஆப்பிரிக்கச் சிலையை வியந்து நினைக்கிறான். அந்த நினைப்பு சிலையைச் செதுக்கியவரிடம் போவதில்லை, ஐரோப்பாவின் கதியைப் பற்றிய கவலையில் போய் நிற்கிறது.

பழகிப் பார்க்கத் தோதானது, ஆப்பிரிக்க ஆறொன்றில் ஓர் ஐரோப்பியன் போகும் படகுப் பயணத்தைச் சொல்லும் ஜோசப் கான்ராடின் ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ (1899). முதலில், ஆப்பிரிக்கர் பேசும் இடங்களில் கோடிடுங்கள். ஆங்கிலத்தில் அவர்கள் பேசுவது இரண்டே இடத்தில்: கரையில் இருப்பவர்களைத் தின்பதற்குப் பிடித்துத் தரும்படி படகுத் தொழிலாளி கேட்பது, தந்த வணிக முகவரான கர்ட்ஸ் என்ற ஐரோப்பியர் இறந்ததைச் சொல்வது. மற்ற இடமெல்லாம் கூச்சலும் ஓலமும்தான். அடுத்து காலத்தைக் குறிக்கும் சொற்களைப் பாருங்கள். கான்ராட் காங்கோ போனது 1890இல். கதையிலோ ஆற்றங்கரையில் நிற்பவர் ‘வரலாற்றுக்கு முந்தைய மனிதர்’. தொலைவிலுள்ள ஊரைப் பழங்காலமாக மாற்றிவிடும் இந்த உத்திதான் பிரிமிட்டிவிசத்தின் அச்சாணி. ஊருக்குப் பெயர், உழவு, வழக்கு, உறவு இருக்கின்றனவா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பலர் சறுக்குவது ஓரிடத்தில். கதையைச் சொல்பவன் மார்லோ. அவன் சொல்வதையும் பெயரில்லாத இன்னொருவர்தான் நமக்குக் கடத்துகிறார். ஆகவே மார்லோவின் வாக்கை அப்படியே கான்ராடின் வாக்காக எடுக்கக் கூடாது. அதையே சாக்காக்கி ஆசிரியரை முழுக்க விடுவிக்கவும் கூடாது. 1975இல் நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்சிபி ஆற்றிய உரை இதைத்தான் பிடித்தது: மார்லோவின் பார்வைக்கு மாற்றாக இன்னொரு பார்வையைக் கான்ராட் நமக்குத் தரவே இல்லை. எங்கள் தீர்ப்பும் அச்சிபி பக்கமே. தந்தக் கொள்ளையை அந்நாவல் கடுமையாகச் சாடுகிறது, உண்மைதான். கொள்ளை போன மக்களுக்கு அது முகம் தரவில்லை.

அதே பென்சிலோடு அச்சிபியின் ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’டை (1958) வாசியுங்கள். கதை நடக்கும் உமுவோஃபியா ஊரில் வள்ளிக்கிழங்குச் சாகுபடி, பழமொழி, பஞ்சாயத்து எல்லாம் உண்டு. ‘பிரிமிட்டிவ்’ என்ற சொல் கடைசி வரியில் எங்கே வருகிறது என்று பாருங்கள்: வெள்ளை அதிகாரி எழுதப்போகும் புத்தகத்தின் தலைப்பில். நாவலின் நாயகன் ஒக்கொன்க்வோவின் வாழ்வுக்கு அதில் ஒரு பத்தி போதும் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.