ருமேனியாவில் கம்பெனி தொடங்க மகன் பணம் கேட்கிறான், தரலாமா?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தையும், அதோடு நீங்கள் அனுப்பிய தம்பியின் தொழில் திட்டத்தையும் நிதானமாகப் படித்தேன். கிளூஜ் நகரில் எம்.எஸ்ஸி. கடைசிப் பருவம், அங்கேயே ஓர் உள்ளூர் நண்பனோடு சேர்ந்து மென்பொருள் கம்பெனி, அதற்காக மனையை விற்று 20 லட்சம். உங்களுக்குத் தூக்கம் வராததில் ஆச்சரியமில்லை. அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனையை இப்போது விற்காதீர்கள். அதற்காக அவனிடம் ஒரேயடியாக முடியாது என்றும் சொல்லிவிடாதீர்கள். தம்பி தேர்ந்தெடுத்த நாடு நல்ல நாடு. யாரிடம் விற்கப் போகிறான் என்பதில்தான் கோளாறு. அது திருத்தக்கூடியது.

முதலில் நாட்டைப் பற்றி. "ருமேனியாவா? ஐரோப்பாவிலேயே ஏழை நாடாச்சே" என்று உறவுக்காரர்கள் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அது பழைய கதை. 2007-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த நாடு அது. 2025 ஜனவரியிலிருந்து எல்லைச் சோதனை இல்லாமல் நாடு விட்டு நாடு போக முடிகிற ஷெங்கன் பகுதியிலும் முழுமையாக இருக்கிறது. யூரோவுக்கு இன்னும் மாறவில்லை, லெய் என்ற சொந்த நாணயம்தான் புழங்குகிறது. ஒரு யூரோவுக்கு ஐந்து லெய்க்குக் கொஞ்சம் கூட. வாங்கும் சக்தியை வைத்துப் பார்த்தால் தலா வருமானம் ஒன்றியத்தின் சராசரியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு வந்துவிட்டது.

கணக்கும் கணினியும் அந்த மண்ணில் நேற்று முளைத்தவையல்ல. சர்வதேச கணித ஒலிம்பியாட் போட்டியின் முதல் ஆண்டான 1959-ல் அதை நடத்தியதே ருமேனியாதான். 2025 மே மாதம் அதிபரான நிகுஷோர் டான், மாணவராக அந்தப் போட்டியில் இரண்டு முறை முழு மதிப்பெண்ணோடு தங்கம் வாங்கியவர். தொண்ணூறுகளின் கடைசியில் நல்ல இணைய இணைப்பு கிடைக்காதபோது, அடுக்குமாடிகளில் இருந்த பையன்களே ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து அடுத்ததற்கு கேபிள் இழுத்து, தெருவுக்குத் தெரு சொந்த வலைப்பின்னல் கட்டினார்கள். பிறகு பெரிய கம்பெனிகள் அவற்றை விலைக்கு வாங்கி இணைத்தன. வீட்டு இணைய வேகத்தில் ருமேனியா இன்று ஐரோப்பாவின் முன்வரிசையில் நிற்பதற்கு அந்தக் கேபிள்களும் ஒரு காரணம்.

பிட்டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு மென்பொருள் தலைநகர் புக்கரெஸ்டில் பிறந்தது. அங்கே உருவான இன்னொரு வைரஸ் தடுப்புத் தொழில்நுட்பத்தை மைக்ரோசாஃப்ட் 2003-ல் விலைக்கு வாங்கியது. யாஷ் நகரில் அமேசானுக்கு மென்பொருள் மையம் இருக்கிறது, கிளூஜில் போஷ் இருக்கிறது, நம்ம விப்ரோவும் ருமேனியாவில் கால் ஊன்றியிருக்கிறது. ஒன்றியத்தின் இணையப் பாதுகாப்பு மையத்துக்கும் புக்கரெஸ்டைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆக, தம்பி ஏதோ ஏஜென்ட் பேச்சைக் கேட்டு ஏமாந்து போனவன் இல்லை. அந்தக் கவலையை விட்டுவிடுங்கள்.

இனி அவன் திட்டத்துக்கு வருகிறேன். உணவகங்களுக்கும் சின்னக் கடைகளுக்கும், வாடிக்கையாளர் கேள்விகளுக்குத் தானாகவே பதில் சொல்லும் ஏஐ உதவியாளர். நான்காம் பக்கத்தில் சந்தை மதிப்பீடு என்று ஒரு கணக்குப் போட்டிருக்கிறான்: நாட்டின் மக்கள்தொகை 1.9 கோடி, அதற்கு இத்தனை கடைகள், அதில் நூற்றுக்கு ஒரு கடை வாங்கினாலே போதும் என்று. இந்த ‘நூற்றுக்கு ஒன்று’ கணக்கை எந்த மாணவன் கொண்டுவந்தாலும் நான் நிறுத்திக் கேள்வி கேட்பேன். அந்த ஒரு கடைக்காரர் யார்? அவர் பெயர் என்ன? இப்போது அந்த வேலையை எப்படிச் சமாளிக்கிறார்? மாதம் எவ்வளவு தருவார்? இதற்கெல்லாம் அந்தத் திட்டத்தில் பதில் இல்லை.

அதைவிட முக்கியமான ஒன்றை அவன் கவனிக்கவில்லை. மென்பொருள் எழுதுகிறவர்கள் நிறைந்த நாடு என்பதால் மென்பொருள் வாங்குகிறவர்களும் நிறைந்த நாடு என்று ஆகிவிடாது. ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் 2023-ல் எடுத்த கணக்கின்படி, அடிப்படை டிஜிட்டல் திறன் உள்ளவர்கள் ருமேனியாவில் நூற்றுக்கு 28 பேர்தான். ஒன்றியத்திலேயே கடைசி இடம். ஒன்றியத்தின் சராசரி 55-க்கு மேல். கிளூஜில் அவன் பழகுகிற வட்டம் வேறு, பேருந்தில் இரண்டு மணி நேரம் போனால் வருகிற ஊரின் கடைக்காரர் வேறு. அந்தக் கடைக்காரரிடம் ருமேனிய மொழியில் பேசி, பொறுமையாகச் சொல்லிக் கொடுத்து, மாதம் 100 லெய் வாங்க வேண்டும். தம்பியின் ருமேனிய மொழி இப்போது எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

அங்கிருந்து உலக அளவில் பெரிதாக வளர்ந்த மென்பொருள் கம்பெனிகள் உள்ளூர்க் கடைக்காரரை நம்பி வளரவில்லை. அலுவலக வேலைகளைத் தானியங்கியாக்கும் மென்பொருள் செய்கிற யுஐபாத் கதையைப் பாருங்கள். டானியேல் டினெஸும் மாரியுஸ் தீர்காவும் 2005-ல் புக்கரெஸ்டில் தொடங்கினார்கள். முதல் பத்து ஆண்டுகள் அது சின்னக் குழுதான். மற்ற கம்பெனிகளின் அலுவலக வேலையை எடுத்துச் செய்யும் இந்திய பிபிஓ நிறுவனம் ஒன்று அவர்களுடைய கருவியைத் தன் அலுவலக வேலையைத் தானியங்கியாக்கப் பயன்படுத்திப் பார்த்த பிறகுதான், எந்தச் சந்தைக்குப் போக வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெளிவானது. 2021-ல் நியூயார்க் பங்குச்சந்தைக்கு வந்தது. எழுதியது ருமேனியாவில், வாங்கியவர்கள் அமெரிக்காவிலும் ஜப்பானிலும். பதினாறு வருடம் பிடித்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

சரி, உள்ளூரில் வாய்ப்பே இல்லையா? இருக்கிறது, அதுவும் தம்பியின் பக்கத்திலேயே. ருமேனிய அரசு ‘இ-ஃபாக்தூரா’ என்று ஒரு முறை கொண்டுவந்திருக்கிறது. நம் ஊர் ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் மாதிரிதான். 2024-லிருந்து ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்குப் போடும் பில், குறிப்பிட்ட மின்வடிவத்தில் அனாஃப் என்ற வரித்துறையின் தளம் வழியாகத்தான் போக வேண்டும். நேரே அச்சடித்துக் கொடுத்த பில் இனி செல்லாது. நாலு பேர் வேலை செய்கிற தச்சுப்பட்டறைக்கும் இதே விதிதான். அந்தப் பட்டறை முதலாளி கணினியைத் தொடமாட்டார், தன் ஆடிட்டரிடம் தள்ளிவிடுவார். அந்த ஆடிட்டர் அலுவலகத்தில் நாற்பது, ஐம்பது கம்பெனிகளின் கணக்கு ஒரே மேசையில் கிடக்கும். வந்த பில்லை இறக்கி, எந்தச் செலவு எந்தக் கணக்கில் என்று பிரித்து, பிழை வந்தால் திருப்பி அனுப்பி, மாதக் கடைசிக்குள் முடிக்க வேண்டும். வலி அங்கேதான் இருக்கிறது. அங்கே பணமும் இருக்கிறது, ஏனென்றால் அது சட்டம் சுமத்திய வேலை, தள்ளிப்போட முடியாது.

அதற்காக அந்த இடம் காலியாகக் கிடக்கிறது என்று சொல்ல மாட்டேன். சிபியூ நகரில் உருவான ஸ்மார்ட்பில் மாதிரி பில் போடும் மென்பொருள்கள் ஏற்கெனவே ஊன்றிவிட்டன. அவற்றோடு மோதத் தேவையில்லை. அவை செய்யாமல் விட்ட ஏதோ ஒரு சின்ன வேலையை ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்காவது செய்து கொடுக்க முடிந்தால், அதைத் தொழில் என்று நான் ஏற்றுக்கொள்வேன். தம்பி பத்து ஆடிட்டர் அலுவலகங்களுக்குப் போய், ஒவ்வொன்றிலும் அரை நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். இதற்குப் பேருந்துக் கட்டணம் தவிர செலவில்லை.

அப்புறம் பணக் கணக்கு. 20 லட்சம் என்பது சுமார் 20,000 யூரோ. இது உங்களுக்கு வாழ்நாள் சேமிப்பு. அங்கே ஒரு மென்பொருள் கம்பெனிக்கு அது சில மாதச் செலவு. ஐடி துறையில் கைக்கு வரும் சம்பளம் அந்நாட்டுச் சராசரியைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஓய்வூதியத்துக்கு 25 சதவீதம், மருத்துவத்துக்கு 10, வருமான வரி 10 என்று பிடித்தம் போவதால், ஓர் ஊழியர் கையில் 100 லெய் சேர வேண்டுமென்றால் கம்பெனிக்கு 170-க்கு மேல் செலவாகும். அனுபவமுள்ள ஒரே ஒரு புரோகிராமரை வேலைக்கு வைத்தாலே உங்கள் பணம் ஐந்து மாதத்தில் கரைந்துவிடும்.

“ருமேனியாவில் வரி ரொம்பக் குறைவு” என்று ஆறாம் பக்கத்தில் எழுதியிருக்கிறான். அந்த வாக்கியம் எங்கேயிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது. இணையத்தில் சுற்றும் பழைய கட்டுரைகள் எல்லாவற்றிலும் அது இருக்கும். புரோகிராமர்களுக்கு வருமான வரியே கிடையாது என்ற சலுகை 2001-லிருந்து இருந்தது உண்மை. 2023 நவம்பரில் அதை மாதம் 10,000 லெய் வரைக்கும் என்று சுருக்கினார்கள், 2025 ஜனவரியில் அடியோடு எடுத்துவிட்டார்கள். சின்னக் கம்பெனிகளுக்கு விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதம் மட்டும் வரி என்ற திட்டத்தின் வரம்பு 5 லட்சம் யூரோவிலிருந்து 2025-ல் 2.5 லட்சமாகவும், 2026-ல் ஒரு லட்சமாகவும் இறங்கியது. மதிப்புக்கூட்டு வரி 2025 ஆகஸ்டில் 19-லிருந்து 21 சதவீதமானது. லாபத்தைப் பங்குதாரர் எடுக்கும்போது கட்டும் வரி 2026-லிருந்து 16 சதவீதம். காரணம் எளிது. 2024-ல் அரசின் பற்றாக்குறை உள்நாட்டு உற்பத்தியில் 9 சதவீதத்தைத் தாண்டியது, ஒன்றியத்திலேயே அதிகம். கஜானா காலியான அரசு முதலில் கைவைப்பது சலுகைகளில்தான். வளரும் நாட்டில் தொழில் செய்பவர்கள் சலுகையை லாபக் கணக்கில் சேர்க்கவே கூடாது. வரி முழுசாகக் கட்டிய பிறகும் தொழில் நிற்குமா என்று பார்க்க வேண்டும். ஆறாம் பக்கத்தைத் தம்பி திரும்ப எழுதட்டும்.

இங்கிருந்து பணம் போகும் வழியையும் பார்த்துக்கொள்ளுங்கள். கல்வி, மருத்துவம் தவிர்த்த காரணங்களுக்கு ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால், மேற்பட்ட தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிக்கும். கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கிவிடலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். அவனுடைய கம்பெனியில் உங்கள் பெயரில் பங்கு எடுப்பதாக இருந்தால் ரிசர்வ் வங்கியின் விதிகள் தனி; ஆடிட்டரைப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இன்னொன்று, பணத்தைக் கல்விக் கட்டணம் என்று காட்டி அனுப்பலாம் என யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

விசா விஷயத்தில் அவனுக்கு நேரம் இருக்கிறது. படிப்பு முடித்த வெளிநாட்டு மாணவருக்கு வேலை தேடவோ தொழில் தொடங்கவோ குறைந்தது 9 மாதம் தங்க அனுமதி தர வேண்டும் என்று ஒன்றியத்தின் 2016-ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. விண்ணப்பத்தைப் படிப்பு அனுமதி காலாவதியாவதற்கு முன்பே கிளூஜில் உள்ள குடிவரவு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், இதில் ஒரு நாள்கூட அசட்டையாக இருக்கக் கூடாது. கம்பெனி பதிவு செய்வது சுலபம், இரண்டு பேர் சேர்ந்து எஸ்ஆர்எல் (நம் ஊர் பிரைவேட் லிமிடெட் மாதிரி) என்ற வகையில் மிகச் சிறிய முதலோடு தொடங்கிவிடலாம். ஆனால் கம்பெனியில் பங்கு இருப்பதாலேயே அந்த நாட்டில் தங்கும் உரிமை வந்துவிடாது. தொழில்முனைவோராகத் தங்க அவர்கள் கேட்கும் முதலீடு உங்கள் 20 லட்சத்தைவிட மிகவும் அதிகம். பலரும் இடறி விழும் இடம் இதுதான்.

அதனால் என் ஆலோசனை: முதலில் வேலை. கிளூஜிலோ புக்கரெஸ்டிலோ ஒரு கம்பெனியில் சேர்ந்து, அவர்கள் வழியாக வேலை அனுமதி வாங்கட்டும். வங்கிக்கோ கணக்கியலுக்கோ மென்பொருள் செய்கிற கம்பெனியாக இருந்தால் இன்னும் நல்லது. சம்பளமும் வரும், மொழியும் வரும், யார் எதற்குக் காசு கொடுக்கிறார்கள் என்பதும் பழகும். வேலை ஒப்பந்தத்தில் சொந்தத் தொழிலுக்குத் தடை இருக்கிறதா என்பதை மட்டும் கையெழுத்துக்கு முன்பே படித்துவிட வேண்டும்.

கூட்டாளியாகச் சேரும் அந்த உள்ளூர் நண்பனை நம்பலாமா என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அவர் ஏற்கெனவே ஒரு கம்பெனி வைத்திருப்பதாகத் தம்பி எழுதியிருக்கிறான். அப்படியானால் அந்தக் கம்பெனியின் வரிப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ருமேனிய நிதி அமைச்சகத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஒவ்வொரு ஆண்டின் விற்றுமுதல், லாப நட்டம், கடன், ஊழியர் எண்ணிக்கை எல்லாம் இலவசமாகவே வரும். மொழி ருமேனியன், கைப்பேசியிலேயே மொழிபெயர்த்துப் பார்க்கலாம். விற்றுமுதல் மூன்று வருடமாகப் பூஜ்யம் என்று வந்தால், அதற்கான காரணத்தை நண்பரிடம் தம்பி நேரடியாகக் கேட்க வேண்டும். நல்ல கூட்டாளி கோபித்துக்கொள்ள மாட்டார். எண்ணைத் தர மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

தம்பி வேலையில் சேர்ந்த பிறகு, ஏதாவது ஓர் ஆடிட்டர் அலுவலகமோ கம்பெனியோ அவன் செய்த கருவிக்கு மூன்று மாதம் தொடர்ந்து பணம் கொடுத்தால், அந்த மூன்று பில்களையும் உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அப்போது மனையை விற்காமலேயே கையிலிருக்கும் சேமிப்பிலிருந்து இரண்டு, மூன்று லட்சம் கொடுக்கலாம். மீதியைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இந்தக் கடிதத்தை அவனுக்கும் அப்படியே அனுப்பிவையுங்கள். திருத்திய நான்காம், ஆறாம் பக்கங்களோடு அவனே என்னிடம் பேசட்டும், சனிக்கிழமை மாலைகளில் நான் இருப்பேன்.