செவ்வாயில் மீத்தேன் உண்டா, இல்லையா?

கேள்வி: செவ்வாயில் இத்தனை ஊர்திகள் ஓடியும் இன்னும் விடை கிடைக்காத புதிர் என்று எதைச் சொல்வீர்கள்?

பதில்: மீத்தேன். பல வருடங்களாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். கேல் பள்ளத்தில் இருக்கும் கியூரியாசிட்டி ஊர்தி, இரவில் காற்றை உள்ளே இழுத்து லேசரால் சோதிக்கிறது. வழக்கமாக நூறு கோடியில் அரைப் பங்குகூடத் தேறாது. 2019 ஜூனில் திடீரென்று 21 பங்கு! சில நாட்களில் பழையபடி இறங்கிவிட்டது. பகலில் அளந்தால் ஒன்றுமே இல்லை.

சரி, மேலே சுற்றும் ஐரோப்பிய, ரஷ்ய விண்கலம் என்ன சொல்கிறது? 2018 முதல் தேடுகிறது, துளிகூட அகப்படவில்லை. நூறு கோடியில் 0.05 பங்கு இருந்தாலே காட்டிக்கொடுத்துவிடும் கருவி அது! சூரிய ஒளியில் மீத்தேன் சிதைய சுமார் 300 ஆண்டுகள் ஆகும் என்பதுதான் கணக்கு. அப்படியானால் தரையில் கசிவது மேலே போய்ச் சேர்ந்திருக்க வேண்டுமே? ஏதோ ஒன்று அதை நடுவழியில் விழுங்குகிறதா? கியூரியாசிட்டியின் கருவி அறைக்குள் பூமியிலிருந்து போன மீத்தேன் கொஞ்சம் இருப்பதால், அங்கிருந்தே கசிகிறதோ என்று கேட்பவர்களும் உண்டு. அந்தச் சந்தேகத்தை நான் லேசாகத் தள்ளமாட்டேன்.

நுண்ணுயிர் விடும் மூச்சா, நீரும் பாறையும் வினைபுரிந்து வருவதா என்ற பெரிய கேள்வியெல்லாம் இதைத் தீர்த்த அப்புறம்தான்.