‘ஹோம் அலோன்’ ஏன் சலிப்பதே இல்லை? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

டிசம்பர் பிறந்தால் எங்கள் வீட்டில் இந்தப் படம் ஓடாமல் இருக்காது. 1990-இல் வந்தது. கிறிஸ் கொலம்பஸ் இயக்கம், ஜான் ஹியூஸ் எழுத்து. எத்தனை முறை பார்த்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை. கேட்டிருந்தவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சார், எட்டு வயசுப் பையனை வீட்டிலேயே விட்டுவிட்டு மொத்தக் குடும்பமும் பாரிஸுக்குப் போகிறது. எந்த அம்மா இப்படி மறப்பாள்? அங்கேயே எனக்குப் படம் ஒட்டவில்லை.

ஆரம்பக் காட்சிகளை இன்னொரு தடவை நிதானமாகப் பாருங்கள். முதல் நாள் ராத்திரி பீட்சாவுக்காகச் சண்டை, பால் கொட்டுகிறது. அப்பா அவசர அவசரமாக மேஜையைத் துடைக்கிறார். நனைந்த காகிதங்களோடு அந்தப் பையன் கெவினின் விமான டிக்கெட்டும் குப்பைத்தொட்டிக்குப் போகிறது. கண் சிமிட்டினால் தவறவிட்டுவிடுவீர்கள். அதனால்தான் மறுநாள் விமான நிலையத்தில் ஒரு டிக்கெட் மிஞ்சவில்லை, யாருக்கும் உறைக்கவில்லை.

அப்புறம் காற்றில் கரண்ட் போகிறது, அலாரம் அடிக்கவில்லை, எல்லோரும் தாமதமாக எழுகிறார்கள். தலை எண்ணும்போது, வேனைக் குடைந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பையனையும் சேர்த்து எண்ணிவிடுகிறார்கள். கணக்கு சரியாக வந்துவிடுகிறது! கெவினோ, தண்டனையாக அனுப்பப்பட்ட மாடி அறையில் தூங்குகிறான். பாரிஸிலிருந்து அம்மா கூப்பிட்டால், இங்கே டெலிபோன் லைனும் அறுந்து கிடக்கிறது. நாம் கேட்கக்கூடிய ஒவ்வொரு கேள்விக்கும் ஹியூஸ் முன்கூட்டியே பதில் வைத்துவிட்டார். அந்த அம்மாவைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

என் பெண்ணுக்கு 6 வயசு. காட்டலாமா? அடிதடி அதிகம் என்கிறார்களே.

காட்டுங்கள், ஆனால் பக்கத்தில் உட்காருங்கள். படம் 103 நிமிடம். வீட்டைக் கொள்ளையடிக்க வரும் இரண்டு திருடர்களுக்காகக் கெவின் வைக்கும் பொறிகள் வேலை செய்வது கடைசிப் பகுதியில் மட்டும்தான். தலையில் தீ, முகத்தில் இஸ்திரிப்பெட்டி, மாடியிலிருந்து ஊசலாடி வரும் பெயின்ட் டப்பா என்று அந்த இரண்டு திருடர்களும் படும் பாட்டை நிஜத்தில் பட்டால் ஆள் பிழைக்க மாட்டான். இதைக் குழந்தைக்கு வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். கம்ப்யூட்டர் வித்தை எதுவும் இல்லாத அந்த விழுதல்களில் ஸ்டண்ட் கலைஞர்கள் நிஜமாகவே விழுந்தார்கள். கண்ணாடி அலங்காரப் பந்துகள் மேல் வெறுங்காலோடு மிதிக்கும் இடத்தில், திருடர்களில் ஒருவராக வரும் டேனியல் ஸ்டெர்ன் மாட்டியிருப்பது ரப்பர் பாதங்கள். இதைச் சொன்னால் குழந்தைகளுக்குப் பயம் போய் ஆச்சரியம் வந்துவிடுகிறது.

அண்ணா, அந்தப் பக்கத்து வீட்டுத் தாத்தா எதற்கு? அவர் இல்லாமலேயே கதை ஓடுமே.

ஓடும். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேலாக ஓடியிருக்காது. என்னைக் கேட்டால் படத்தின் உயிரே அந்தத் தேவாலயக் காட்சிதான்.

பனியில் மண்வாரியோடு நடமாடும் மார்லி தாத்தாவைக் கொலைகாரன் என்று தெருப் பிள்ளைகள் நம்புகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை, அவர் வந்து கெவின் பக்கத்தில் உட்காருகிறார். பாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் ஒருத்தி அவருடைய பேத்தி. மகனோடு பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாததால், ஒளிந்து வந்து பேத்தி பாட்டைக் கேட்கிறார். கெவின் அவருக்குத் தன் வீட்டு நிலவறையைப் பற்றிச் சொல்கிறான். ரொம்ப நாள் அதைக் கண்டு நடுங்கினானாம். இறங்கிப்போய் விளக்கைப் போட்டால் ஒன்றுமே இல்லையாம். மகனுக்கு ஒரு போன் போடுங்கள் என்கிறான். அவன் பேச மறுத்துவிட்டால் என்று தாத்தா தயங்குகிறார். அப்போதாவது தெரிந்துவிடும் அல்லவா, பயந்துகொண்டே இருக்க வேண்டியதில்லை என்கிறான் அந்தப் பொடியன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அத்தனை பொறி வைத்தும் கெவின் கடைசியில் திருடர்களிடம் சிக்கிக்கொள்கிறான். காப்பாற்றுவது அந்தத் தாத்தாவின் மண்வாரிதான்.

கெவின் டிவியில் போட்டுப் பார்க்கும் கறுப்பு வெள்ளைப் படம் எங்கே கிடைக்கும்?

கிடைக்காது. அப்படி ஒரு படமே இல்லை, இதற்காகவே எடுத்த காட்சி அது.

பார்க்கும்போதே கிறிஸ்துமஸ் நெடி அடிக்கிறதே, எப்படி?

நிறத்தைப் பாருங்கள். சுவர், விரிப்பு, உடுப்பு, சமையலறை என்று எங்கே திரும்பினாலும் சிவப்பும் பச்சையும்தான். கூடவே ஜான் வில்லியம்ஸ் இசை. திருடர்கள் வரும்போதுகூட அதில் மணியோசை கேட்கும். இசைக்கும் பாட்டுக்கும் தனித்தனியாக ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அந்த வீடு சிகாகோ பக்கத்து வின்னட்காவில் இருக்கும் நிஜ வீடு. உள்காட்சிகளில் பெரும்பகுதி, அருகில் மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் போட்ட செட்.

இரண்டாம் பாகம்?

1992-இல் வந்தது, நியூயார்க்கில் நடப்பது. சிரிக்கலாம். ஆனால் ஓட்டல் அறை எப்படியும் வீடு ஆகாதே.

எனக்கு அம்மா வரும் கடைசிக் காட்சியில் ஒவ்வொரு முறையும் கண் கலங்குகிறது. உங்களுக்கு?

எனக்கும்தான். அம்மாவாக வரும் கேத்தரின் ஓ'ஹாரா அதை அவ்வளவு மென்மையாகச் செய்திருப்பார். அந்த அம்மா, அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க மனமில்லாமல் டல்லஸ், ஸ்க்ரான்டன் என்று அலைந்து, கடைசியில் முன்பின் தெரியாத ஒரு வாத்தியக் குழுவின் வேனில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வருகிறாள். அந்தக் குழுத் தலைவராக வரும் ஜான் கேன்டி தன் பங்கை ஒரே நாளில் நடித்துக் கொடுத்தார். அவள் வந்து பையனிடம் மன்னிப்புக் கேட்ட சற்று நேரத்தில், காத்திருந்து விமானம் ஏறிய மற்றவர்களும் வந்து நிற்கிறார்கள்! அவள் அலைந்ததெல்லாம் வீண் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அந்தச் சில நிமிடம் அவளுக்கும் கெவினுக்கும் மட்டும் சொந்தம்.

தனியாக என்ன செய்தாய் என்று கேட்டால், பால், முட்டை வாங்கினேன் என்கிறான் கெவின். திருடர்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அந்தப் பக்கம் அப்பா தரையிலிருந்து, திருடன் ஒருவன் விட்டுப்போன தங்கப் பல்லை எடுத்து, இது என்னவென்று உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.