தன் முகத்தைச் சுரண்டிவிட்டு எதிரியை வரைந்தவர்

கேள்வி: ஓர் ஓவியரைக் கேலிப்படம் போட்டே அடித்து, அவரும் படத்தாலேயே திருப்பி அடித்த சண்டை ஏதாவது உண்மையில் நடந்திருக்கிறதா? அரசியலும் கலந்திருந்தால் இன்னும் நல்லது.

நடந்திருக்கிறது. 1762, 63ஆம் வருடங்களில், லண்டனில். நான் கல்லூரியில் கொஞ்ச காலம் எட்சிங் (உலோகத் தகட்டில் கோடுகளை அமிலத்தால் அரித்துப் படமாக அச்செடுக்கும் கலை) படித்தவன். அதனால் இந்தக் கதையில் அரசியலைவிட ஒரு செப்புத் தகடுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தகடு பின்னால் வரும், முதலில் ஆட்கள்.

வில்லியம் ஹோகார்த். லண்டனின் குடி, சூதாட்டம், காசு வாங்கிப் போட்ட ஓட்டு என்று ஒன்றையும் விடாமல் அச்சுப்படமாகப் போட்டு விற்றவர். கண்டவரெல்லாம் காப்பியடிக்கிறார்களே என்று மற்ற செதுக்குக் கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு போராடி, 1735இல் அச்சுப்படங்களுக்கு 14 வருடக் காப்புரிமை தரும் சட்டத்தை வாங்கித் தந்தவர். ஊரையே கிண்டலடித்த மனிதர்தான், ஆனால் தன்னைச் சொன்னால் தாங்க மாட்டார்.

முதல் அடி ஓவியர்களிடமிருந்துதான் வந்தது. 1753இல் ஹோகார்த் அழகைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பாம்பு மாதிரி வளைந்து போகும் கோட்டில்தான் அழகின் ரகசியம் இருக்கிறது என்பது அவர் கட்சி. பிரெஞ்சுக்காரர்களைப் போல ஓர் ஓவிய அகாடமி வேண்டும் என்று சக ஓவியர்கள் கேட்டபோது அதையும் எதிர்த்தார். பால் சாண்ட்பி என்ற இளம் ஓவியருக்கு இது போதுமானதாக இருந்தது. வரிசையாகக் கேலிப்படங்கள் போட்டார். ஹோகார்த் செல்லமாக வளர்த்த பக் இன நாயையும் ஹோகார்த்தையும் ஒன்றாக்கி, பாதி மனிதன் பாதி நாயாக வரைந்தார். ஹோகார்த் ஒன்றும் அசையவில்லை. 1757இல் அரசரின் அதிகாரபூர்வ ஓவியர் பதவியும் கிடைத்துவிட்டது.

வம்பு அந்தப் பதவியில்தான் இருந்தது. 1762இல் பியூட் பிரபு பிரதமர். பிரான்சோடு நடந்துகொண்டிருந்த ஏழாண்டுப் போரை முடித்துவிட வேண்டும் என்பது அரசர், பியூட் பக்கம். தொடர்ந்து நடத்த வேண்டும் என்பது முன்னாள் அமைச்சர் வில்லியம் பிட் பக்கம். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர் எந்தப் பக்கம் படம் போடுவார்? செப்டம்பரில் ஹோகார்த்தின் படம் ஒன்று வந்தது. தெருவே தீப்பற்றி எரிகிறது. பிட் உயரமான கட்டைக்கால்கள் மேல் நின்றுகொண்டு துருத்தியால் தீயை ஊதிவிடுகிறார். மாடி ஜன்னலில் இருக்கும் ஆட்கள் தண்ணீரைத் தீயின் மேல் பீய்ச்சாமல், அணைக்க வந்தவர் மேல் பீய்ச்சுகிறார்கள்.

இதில்தான் ஜான் வில்க்ஸ் நுழைகிறார். எம்.பி., 'நார்த் பிரிட்டன்' பத்திரிகைக்காரர், பிட் அணி. அவரும், கூட எழுதிய கவிஞர் சார்லஸ் சர்ச்சிலும் (வின்ஸ்டன் இல்லை, இவர் ஒரு பாதிரியார், அதுவும் அங்கியைக் கழற்றிவிட்டவர்) ஹோகார்த்தோடு ஒரே சாப்பாட்டுக் கிளப்பில் மாட்டிறைச்சி வெட்டிய சிநேகிதர்கள். படம் வருவதற்கு முன்பே வில்க்ஸ் எச்சரித்திருந்தார்: என்னைத் திட்டினால் பொறுத்துக்கொள்வேன், என் ஆட்களைத் தொட்டால் விடமாட்டேன் என்று. தொட்டாயிற்று. பத்திரிகையின் 17ஆம் இதழ் முழுக்க ஹோகார்த்துக்கு அர்ச்சனை. அரசரின் ஓவியர் என்றால் என்ன, வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர்தானே என்கிற தொனி. நம் ஊரில் பெயின்டர் என்ற ஒரே வார்த்தைக்குள் அந்தக் கிண்டல் முழுதும் அடங்கிவிடும். சாண்ட்பி தரப்பும் பழைய கணக்கைத் திறந்தது. பியூட் என்ற பெயர் ஆங்கிலத்தில் பூட்ஸ் போல ஒலிக்கும்; ஆகவே ஹோகார்த் சாரத்தில் ஏறி நின்று ஒரு ராட்சத பூட்ஸுக்குப் பூச்சு அடிப்பதாக ஒரு படம்.

1763இல் 45ஆம் இதழில் அரசரின் உரையைத் தாக்கியதற்காக வில்க்ஸ் கைதானார். வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்து நீதிமன்றத்துக்கு அவரைக் கொண்டுவந்தபோது ஹோகார்த் அங்கே போய் வரைந்துகொண்டார். மறைந்து நின்று வரைந்தார் என்று சர்ச்சில் பிறகு ஏசினார். வில்க்ஸுக்கு இயல்பிலேயே மாறுகண். ஹோகார்த் அதை மிச்சம் வைக்கவில்லை. விக்கின் சுருள்களைக் கொம்பு போலத் தூக்கிவிட்டு, கையில் சுதந்திரத் தொப்பி மாட்டிய கம்பையும் கொடுத்து, ஒரு ஷில்லிங்குக்கு விற்றார். சில வாரங்களில் 4000 பிரதிகள் அளவுக்குப் போனதாகச் சொல்வார்கள். வாங்கியவர்களில் எத்தனை பேர் வில்க்ஸை வெறுத்து வாங்கினார்களோ தெரியாது. விடுதலையாகி வந்த மனிதர் அப்போது லண்டனின் கதாநாயகன்.

சர்ச்சில் பதிலுக்கு ஒரு நீண்ட கவிதை எழுதினார். ஹோகார்த்தின் பழைய மேதைமையை ஒப்புக்கொண்டு, இப்போது கிழடாகிப் பொறாமையில் வேகிறார் என்று போட்டார். பாராட்டிவிட்டு அடிக்கிற அடி, வலித்திருக்கும்.

இனி அந்தத் தகடு. 1749இல் ஹோகார்த் தன் முகத்தையே செதுக்கிய தகடு ஒன்று வைத்திருந்தார். முட்டை வடிவச் சட்டத்துக்குள் அவர், அடியில் ஷேக்ஸ்பியர், மில்டன், ஸ்விஃப்ட் புத்தகங்கள், பக்கத்தில் நாய். அதை எடுத்துத் தன் முகத்தைச் சுரண்டி அழித்துவிட்டு, அந்த இடத்தில் சர்ச்சிலைக் கரடியாக வரைந்தார். கழுத்தில் கிழிந்த பாதிரிப் பட்டை, ஒரு கையில் பீர்க் குவளை, இன்னொரு கையில் கட்டை. அதன் கணுக்களில் பொய் 1, பொய் 2 என்று எழுத்து.

செம்பில் அழிப்பது ரப்பர் வைத்து அழிப்பது மாதிரி இல்லை. ஸ்கிரேப்பர் என்ற கூரான கத்தியால் சீவி, பர்னிஷர் என்ற வழவழப்பான இரும்பால் எண்ணெய் விட்டுத் தேய்த்து, பள்ளம் விழுந்த இடத்தைப் பின்னாலிருந்து தட்டி மேலே கொண்டுவர வேண்டும். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தப்பை அழிக்க எனக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. அப்படியும் பிரஸ்ஸில் போட்டு எடுத்தால் பழைய கோடு மங்கலாக வந்து நின்றது. ஹோகார்த் அழித்தது ஒரு முழு முகம், அதுவும் தன்னுடையது. அப்போது அவருக்கு 65 வயது, உடம்பும் சரியில்லை. பழைய தகடு இருக்கும்போது புதிதாக ஏன் செதுக்க வேண்டும் என்ற சிக்கனம் என்பார்கள், இருக்கலாம். ஒரு முறையாவது பர்னிஷரைப் பிடித்துத் தேய்த்தவர்கள் அதை அவ்வளவு சுலபமாக நம்ப மாட்டார்கள்.

வில்க்ஸ் படம், கரடிப் படம் இரண்டிலும் கிடைத்த காசும் சந்தோஷமும், கூடவே குதிரைச் சவாரியும் சேர்ந்து உடம்பைத் தேற்றின என்று அவரே குறித்து வைத்திருக்கிறார். 1764 அக்டோபர் கடைசியில் இறந்துபோனார். அடுத்த பத்து நாளுக்குள், 32 வயது சர்ச்சிலும் பிரான்சில் காய்ச்சலில் போய்விட்டார். வில்க்ஸ் மட்டும் 1774இல் லண்டன் மேயராகி, 1797 வரை வாழ்ந்தார். தான் நாளுக்கு நாள் ஹோகார்த்தின் படம் போலவே ஆகிவருவதாக அவர் சிரித்துக்கொண்டே சொன்னதாக ஒரு கதை உண்டு.

அந்தத் தகட்டின் பழைய அச்சு, புதிய அச்சு இரண்டையும் இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். முகம் போய்க் கரடி வந்துவிட்டது, புத்தகங்களின் தலைப்புகள்கூட மாறிவிட்டன. நாய் மட்டும் இரண்டிலும் இருக்கிறது. இரண்டாவதில் அது சர்ச்சிலின் கவிதை மேல் மூத்திரம் போய்க்கொண்டிருக்கிறது.